மாரோவிண்ட்: மூடுபனியைக் கலைக்காமல் கண்ணாடியை மட்டும் துடைப்போம்

2002 மே மாதம் வெளிவந்த மாரோவிண்ட் என்ற ரோல்பிளேயிங் கேமை இன்றைய லேப்டாப்பில் நிறுவி அப்படியே திறந்தால், பத்து நிமிடத்தில் மனம் விட்டுப்போகும். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அகலத் திரையில் காட்சியின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, தலைக்கு மேலே கூரை தாழ்ந்துவிட்ட மாதிரி தெரியும். நூறு மீட்டருக்கு அப்பால் மலை, மரம், வீடு எல்லாம் சாம்பல் நிறப் பனிக்குள் போய்விடும். "இதையா இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டு மூடிவிட்டுப் போன நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் முதலில் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன். ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் போதும், கேம் சீராக ஓடும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது. இந்த கேம் கேட்டது 500 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், எக்ஸ்பியில் 256 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு. இன்று கையில் இருக்கும் எந்தக் கணினிக்கும் இது தூசு. ஆனால் அதன் எஞ்சின், அதாவது கேமை இயக்கித் திரையில் வரைந்து காட்டும் நிரல், டைரக்ட்எக்ஸ் 8 என்ற பழைய கிராபிக்ஸ் மென்பொருளின் காலத்தில் எழுதப்பட்டது. பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும் வேலையெல்லாம் ஒன்றின் தலையில்தான் விழும். திரை என்றாலே நான்குக்கு மூன்று என்ற கணக்கு. பக்கவாட்டுப் பார்வைக் கோணம் மாறாமல் நிற்பதால், திரை அகலமாக ஆக, மேலேயும் கீழேயும்தான் காட்சி குறைகிறது. ஆக, கோளாறு உங்கள் கணினியில் இல்லை. கேமின் உள்ளே இருக்கும் உலகத்திலும் இல்லை. நடுவில் இருக்கும் எஞ்சின்தான் பழையது.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு அதற்கு ஒட்டுப்போடுவது. மாரோவிண்ட் கோட் பேட்ச், எம்ஜிஇ எக்ஸ்இ ஆகிய இரண்டும் இந்த வேலையைப் பல வருடங்களாக நன்றாகவே செய்து வருகின்றன. இன்னொன்று, எஞ்சினையே மாற்றிவிடுவது. ஓபன்எம்டபிள்யூ என்பது 2008-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் அடியிலிருந்து புதிதாக எழுதிய எஞ்சின். இலவசம், மூல நிரலும் வெளிப்படை. கேமின் படங்கள், ஒலிகள், கதை எதுவும் அதில் இருக்காது. அவற்றை நீங்கள் வாங்கிய பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

புதியவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். முக்கியமான காரணம், அது கேமின் அசல் கோப்புகள் எதையும் தொடுவதில்லை. எங்காவது தவறு நடந்தால் சேர்த்ததை எடுத்துவிட்டால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும். பழகிய பிறகு, ஏதோ ஒரு மோட் (ரசிகர்கள் கேமுக்குச் செய்து தரும் மாற்றத் தொகுப்பு) பழைய எஞ்சினில்தான் வேலை செய்யும் என்று தெரிந்து ஆசை வந்தால், அப்போது முதல் வழிக்குப் போகலாம்.

வாங்குவதும் நிறுவுவதும்

கேம் விற்கும் இணையத் தளங்களான ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் 'கேம் ஆஃப் த இயர் எடிஷன்' கிடைக்கிறது. தள்ளுபடி வரும் நாட்களில் மிகவும் மலிவு. டிரைப்யூனல், பிளட்மூன் என்ற இரண்டு கூடுதல் பாகங்களும் அதிலேயே அடக்கம். வீட்டில் பழைய சிடி இருந்தால் அதுவும் செல்லும். ஓபன்எம்டபிள்யூவின் நிறுவும் கருவி சிடியிலிருந்தே கோப்புகளை எடுத்துக்கொள்ளும்.

ஜிஓஜி பிரதி என்றால் நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தவிர்த்துவிடுங்கள். அந்த ஃபோல்டருக்கு விண்டோஸ் தரும் பாதுகாப்பு, பழைய கேம்கள் தங்கள் கோப்புகளை எழுதுவதற்குக் குறுக்கே நிற்கும். சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போடுங்கள். ஸ்டீம் தானாக எங்கே போடுகிறதோ அங்கேயே இருக்கட்டும், நாம் அதைப் படிக்க மட்டும்தான் போகிறோம். நிறுவி முடித்ததும் அசல் கேமை ஒரே ஒரு முறை திறந்து முதல் மெனு வரை போய்விட்டு மூடுங்கள். கோப்புகள் முழுதாக வந்திருக்கின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஓபன்எம்டபிள்யூவின் சொந்தத் தளத்துக்குப் போய் 64 பிட் நிறுவியை இறக்குங்கள். வேறு தளங்களில் கிடைப்பது வேண்டாம். நிறுவி முடிந்ததும் ஒரு வழிகாட்டிப் பெட்டி திறக்கும். ஏற்கெனவே நிறுவிய பிரதி இருக்கிறது என்பதைத் தேர்ந்தெடுத்து, கேமின் ஃபோல்டருக்குள் இருக்கும் 'டேட்டா ஃபைல்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, மாரோவிண்ட் என்ற பெயரோடு இஎஸ்எம் என்று முடியும் கோப்பைக் காட்டுங்கள். மொழியாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய அமைப்புகளை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டால் சரி சொல்லிவிடுங்கள்.

அடுத்து வருவது லாஞ்சர், கேமைத் திறக்கும் முன் அமைப்புகளை மாற்றும் பெட்டி. இனி பெரும்பாலான வேலை இங்கேதான். டேட்டா ஃபைல்ஸ் பகுதியில் மாரோவிண்ட், டிரைப்யூனல், பிளட்மூன் மூன்றுக்கும் இதே வரிசையில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே பகுதியில் உங்கள் திரையின் ரெசல்யூஷனைப் போடுங்கள், விசிங்கை (படம் கிழியாமல் திரையோடு ஒத்து ஓடச் செய்வது) இயக்குங்கள், ஆன்டி அலியாசிங்கை (விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுக்குவது) 4 என்று வையுங்கள். இடைமுகப் பகுதியில் ஜியுஐ ஸ்கேலிங் என்று ஒன்று இருக்கும். 1080 திரைக்கு 1.5, 1440 திரைக்கு 2 என்று தொடங்கிப் பாருங்கள். எறும்பு எழுத்துக்கு மருந்து இதுதான். மாரோவிண்டில் குரலில் பேசுவது குறைவு, படிப்பதுதான் அதிகம். எழுத்து சரியாக இல்லாவிட்டால் வேறு எந்த அழகும் உதவாது. அதனால் இந்த ஒரு எண்ணுக்குக் கொஞ்சம் பொறுமையாக நேரம் கொடுங்கள்.

சரி, இப்போது வேறு எதையும் தொடாமல் கேமைத் திறந்து விளையாடத் தொடங்குங்கள். கப்பலின் அடித்தளத்தில் கண் விழிப்பீர்கள், காவலர் வந்து மேலே கூட்டிப்போவார், சேடா நீன் என்ற சின்னத் துறைமுக ஊரில் இறக்கிவிடுவார்கள். கப்பலில் பெயர், இறங்கியதும் குலம், அங்கே அலுவலகத்தில் தொழில் என்று எல்லாம் பதிந்து முடித்து வெளியே வந்ததும் ஒரு சேவ் போடுங்கள். நமது பரிசோதனைக் களம் இந்த இடம்தான். தண்ணீர், கலங்கரை விளக்கம், மரங்கள், குடிசைகள், மக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. எந்த மாற்றம் செய்தாலும் இந்த சேவ் கோப்பைத் திறந்து, இதே இடத்தில் நின்று, எஃப்12 அழுத்தி ஒரு படம் எடுத்து வையுங்கள். முந்தைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையிலேயே மேம்பட்டதா என்று தெரியும். வெறும் நினைவை நம்பினால் எல்லா மாற்றமும் நல்லதாகவே தோன்றும்.

காட்சி வெட்டுப்படும் பிரச்சினை இந்த எஞ்சினில் தானாகவே தீர்ந்திருக்கும். இது மேல்கீழ்க் கோணத்தை நிலையாக வைத்துக்கொண்டு, அகலத் திரைக்குப் பக்கவாட்டில் கூடுதலாகக் காட்டுகிறது. இன்னும் நெருக்கமாகத் தோன்றினால் கேமுக்குள்ளே வீடியோ அமைப்பில் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நின்று யோசியுங்கள். மற்றதெல்லாம் டிக் போடுவதும் எடுப்பதும்தான்.

மாரோவிண்டின் நிலம் செல் என்னும் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செல்லின் பக்கம் 8192 அலகுகள், நம் கணக்கில் சுமார் 117 மீட்டர். பழைய எஞ்சினில் பார்வைத் தூரத்தை முழுதாகக் கூட்டினாலும் 7168 அலகுகள்தான். அதாவது ஒரு செல் கூட முழுதாகத் தெரியாது. ஓபன்எம்டபிள்யூ லாஞ்சரில், காட்சி அமைப்புகளில் நிலப்பரப்பு என்ற பகுதிக்குப் போய் டிஸ்டன்ட் லேண்டை டிக் செய்தால் இந்தத் தூரத்தைப் பல செல்களுக்குக் கூட்டிவிடலாம். தூரத்துப் பொருள்களை எஞ்சின் மொத்தமாகச் சேர்த்து வரைவதால் கிராபிக்ஸ் கார்டும் திணறாது.

கையில் நல்ல கார்டு இருந்தால் 20 செல் வைக்கத்தான் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். தீவின் நடுவே இருக்கும் சிவப்பு மலை வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்து நிமிடம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிடம் ஏதோ ஒன்று போய்விட்டது என்று புரிந்தது. என்னவென்று வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். சேடா நீனிலிருந்து, கதை உங்களை முதலில் அனுப்பும் பால்மோரா நகரம் ஏழே ஏழு செல் வடக்கே இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 800 மீட்டர், ஒரு பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை! முதல் முறை நடந்து போனபோது அதை ஒரு பெரிய பயணமாக நினைத்தோம். பெலாஜியாட் வழியாகச் சாலை வளைந்து போகிறது, நடுவில் மலைகள் மறைக்கின்றன, தொடக்கத்தில் நம் ஆள் மெதுவாக நடக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று பனி சொல்லவே விடுவதில்லை. அந்தச் சின்னத் தீவை ஒரு தேசமாகக் காட்டியதில் பெரும் பங்கு பனிக்குத்தான்.

அந்தக் காலத்துக் கணினியால் அதற்கு மேல் வரைய முடியாது என்பதற்காக வந்த பனிதான் அது. ஆனாலும் உலகத்தின் அளவே அதை நம்பி அமைந்திருக்கிறது. அதனால் நான் இப்போது 3 அல்லது 4 செல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்து மலையின் முழு உருவமும் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் ஊர் தெரியாது. விவெக் நகரத்தை நெருங்கும்போது அந்தரத்தில் நிற்கும் பாறை பனியிலிருந்து மெல்ல வெளிவரும். அந்தக் கணம் ஒன்றுக்காகவே இந்தத் தூரம் சரியானது என்பேன். ஏற்கெனவே பலமுறை முடித்தவர்கள் 20 வைத்துச் சுற்றிப் பார்க்கட்டும். முதல் முறை விளையாடுபவர்கள் தயவுசெய்து 4-ஐத் தாண்ட வேண்டாம்.

பனியைக் குறைக்காமல் அதன் தரத்தை உயர்த்த வழி இருக்கிறது. அதே காட்சி அமைப்புகளில் பனி என்ற பகுதியில் ரேடியல் ஃபாக், எக்ஸ்போனென்ஷியல் ஃபாக், ஸ்கை பிளெண்டிங் மூன்றையும் இயக்குங்கள். பழைய பனி ஒரு சுவர் மாதிரி நிற்கும், தலையைத் திருப்பினால் ஓரத்தில் இருக்கும் மரம் திடீரென்று தோன்றி மறையும். ரேடியல் வைத்தால் உங்களைச் சுற்றி வட்டமாக ஒரே தூரத்தில் பனி இருக்கும். எக்ஸ்போனென்ஷியல் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தி கூடும். ஸ்கை பிளெண்டிங் நிலத்தின் விளிம்பை வானத்தோடு கரைத்துவிடும். விடியற்காலை நேரத்தில் சேடா நீன் கரையில் நின்று இதைப் பாருங்கள்.

தண்ணீரும் நிழலும் வெளிச்சமும்

தண்ணீருக்குக் கேமுக்குள்ளேயே வீடியோ அமைப்பில் ஷேடர் என்பதை இயக்கிவிடுங்கள், பிரதிபலிப்பில் நிலமும் பொருள்களும் தெரியும் அளவுக்கு வையுங்கள். மாரோவிண்ட் வந்த புதிதில் ஆட்கள் பேசியதே அதன் தண்ணீரைப் பற்றித்தான். அப்போது புதிதாக வந்திருந்த பிக்சல் ஷேடர் கார்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அந்த அலைகள் தெரிந்தன. இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது.

நிழல்களை ஒவ்வொன்றாக இயக்குங்கள். உங்கள் நிழல், மனிதர்களின் நிழல், அப்புறம் பொருள்களின் நிழல். நிலத்தின் நிழல் செலவு அதிகம், அதை விட்டுவிடலாம். வெளிச்சத்துக்கு லைட்டிங் முறையில் ஷேடர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையில் ஒரு பொருளின் மேல் எட்டு விளக்குகளுக்கு மேல் ஒளி விழாது. அதனால்தான் குகைகளில் நடக்கும்போது தரையின் ஒரு துண்டு மட்டும் பட்டென்று இருண்டு வெளுக்கும். மாற்றிவிட்டால் அது நின்றுவிடும்.

2023-இல் வந்த 0.48 பதிப்பிலிருந்து போஸ்ட் பிராசசிங் வசதியும், அதாவது வரைந்து முடித்த படத்தின் மேல் ஒளி, நிறம் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. லாஞ்சரில் அதை இயக்கிவிட்டு, விளையாடும்போது எஃப்2 அழுத்தினால் பட்டியல் வரும். ஒளிக்கசிவை லேசாக வைத்தால் விளக்குகள் உயிர் பெறும். அளவு மீறினால் எல்லோருக்கும் காய்ச்சல் கண்ட மாதிரி முகம் பளபளக்கும்.

இத்தனைக்குப் பிறகு எஃப்3 அழுத்தி ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைப் பாருங்கள். சேடா நீனில் நன்றாக ஓடினால் மட்டும் போதாது. பால்மோராவும் விவெக்கும்தான் உண்மையான சோதனை. அங்கே 60-க்குக் கீழே அடிக்கடி போனால், முதலில் பொருள்களின் நிழலை எடுங்கள், அடுத்து தண்ணீரின் பிரதிபலிப்பைக் குறையுங்கள், கடைசியாகத் தூரத்தை 2 செல் ஆக்குங்கள். தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் இந்த அமைப்பில் நிம்மதியாக விளையாடலாம்.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், ஓபன்எம்டபிள்யூவைப் பட்டியலில் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். இல்லாவிட்டால் வலுவான கார்டு சும்மா இருக்க, சின்னது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். "என் லேப்டாப்பில் மட்டும் ஓடவில்லை" என்று கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் தீர்வாக இருந்தது.

மோட்கள்: ஒரு நேரத்தில் ஒன்று

நெக்சஸ் மோட்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு போதும். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொடக்கத்துக்கு மூன்றே மூன்றைச் சொல்கிறேன். பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ், கேமின் தன்மையை மாற்றாமல் பிழைகளை மட்டும் திருத்துகிறது. மாரோவிண்ட் ஆப்டிமைசேஷன் பேட்ச், பொருள்களின் வடிவக் கோப்புகளைச் சீர்செய்து ஓட்டத்தை லேசாக்குகிறது. மூன்றாவதாக மாரோவிண்ட் என்ஹான்ஸ்டு டெக்ஸ்ச்சர்ஸ் அல்லது இன்டெலிஜென்ட் டெக்ஸ்ச்சர்ஸ், இரண்டில் ஒன்று. டெக்ஸ்ச்சர் என்பது பொருள்களின் மேல் போர்த்தும் படம். இவை அசல் படங்களையே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பெரிதாக்கியவை. புதிதாக வரைந்த டெக்ஸ்ச்சர்களைவிட இவற்றைத்தான் முதல் முறைக்குப் பரிந்துரைப்பேன். அசல் ஓவியரின் கை அப்படியே இருக்கும், மங்கல் மட்டும் போகும்.

டெக்ஸ்ச்சர் அளவில் பேராசை வேண்டாம். 256-க்கு 256 அளவுள்ள படத்தை 1024-க்கு 1024 ஆக்கினால் நான்கு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு புள்ளிகள். கிராபிக்ஸ் நினைவகம் 2 ஜிபி என்றால் சிறிய அளவுப் பதிப்பை எடுங்கள்.

இறக்கிய மோட்களை கேமின் ஃபோல்டருக்குள் கொட்டாதீர்கள். தனியே மோட்களுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு மோடுக்கும் ஒரு ஃபோல்டர். பிரித்த பிறகு உள்ளே போய்ப் பாருங்கள். டெக்ஸ்ச்சர்ஸ், மெஷஸ் என்ற ஃபோல்டர்களோ, இஎஸ்பி என்று முடியும் கோப்போ எந்த மட்டத்தில் கண்ணில் படுகிறதோ, அந்த ஃபோல்டரைத்தான் லாஞ்சரில் டேட்டா டைரக்டரிஸ் பகுதியில் சேர்க்க வேண்டும். சில மோட்களில் 'கோர்' என்று நடுவில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதற்கு ஒரு படி மேலே காட்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது, மோட் வேலையும் செய்யாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பட்டியலில் கீழே இருப்பது மேலே இருப்பதன் மேல் அமரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இஎஸ்பி கோப்பு இருந்தால் கன்டென்ட் ஃபைல்ஸ் பகுதியில் அதற்கும் டிக் போட வேண்டும்.

இறக்கும் முன் மோடின் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள். எம்டபிள்யூஎஸ்இ வேண்டும், எம்ஜிஇ எக்ஸ்இ வேண்டும் என்றிருந்தால் அது பழைய எஞ்சினுக்கானது, நமக்கு ஆகாது. ஒன்றைச் சேர்த்ததும் கேமைத் திறந்து, சேடா நீன் சேவில் படம் எடுத்து, ஐந்து நிமிடம் நடந்து பார்த்த பிறகே அடுத்தது. ஒரே இரவில் அறுபது மோட்களைச் சேர்த்து, எது கேமை நிறுத்துகிறது என்று தெரியாமல் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

டெக்ஸ்ச்சர் மட்டும் உள்ள மோடை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், போடலாம். இஎஸ்பி உள்ளதைப் பாதி விளையாட்டில் எடுத்தால் சேவ் கெடக்கூடும். அதனால் கதையைத் தீவிரமாகத் தொடங்கும் முன் பட்டியலை முடிவு செய்துவிடுங்கள். புல், புது ஊர்கள், டேம்ரியல் ரீபில்ட் போன்ற பெரிய மோட்கள் எல்லாம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

இன்னொன்று, கோளாறு என்று நினைத்து நிறையப் பேர் என்னிடம் கேட்பது. கத்தியை வீசினால் எதிரியின் உடம்பில் படுகிற மாதிரியே தெரிகிறது, ஆனால் அடி விழவில்லை. இது கோளாறு இல்லை. அடி படுமா என்பதை உங்கள் திறமை, சுறுசுறுப்பு, பச்சைக் கோட்டில் தெரியும் தெம்பு போன்றவற்றை வைத்து கேம் கணக்குப் போடுகிறது. ஓடிக்கொண்டே போய்ச் சண்டை போட்டால் தெம்பு காலியாக இருக்கும், பத்தில் எட்டு அடி காற்றில் போகும். எந்த ஆயுதத்தில் திறமை எடுத்தீர்களோ அதையே பிடியுங்கள், சண்டைக்கு முன் நின்று மூச்சு வாங்குங்கள். இதற்கு மோட் தேட வேண்டாம்.

எல்லாம் அமைந்த பிறகு ஒரு சின்ன வேலை. டாகுமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஓபன்எம்டபிள்யூ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்கள் அமைப்புகள், மோட் பட்டியல், சேவ்கள் மூன்றும் அதற்குள்தான். அதையும் மோட் ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். நாளைக்கு வேறு கணினி வாங்கினால் கேமையும் எஞ்சினையும் நிறுவி, மோட்களை அதே இடத்தில் வைத்து, இந்த ஃபோல்டரை மேலே போட்டால், விட்ட இடத்திலிருந்து அதே கரையில் நின்று தொடரலாம்.